24 எலிகள், ஒரு படிவம்: விலங்குச் சோதனையின் சட்டமும் அறமும்

மார்த்தாண்டம் வட்டாரத்து வர்ம வைத்தியர்கள் அடிபட்ட வீக்கத்துக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டுவார்கள். நொச்சியும் சுக்கும் சேர்த்துக் கஷாயம் வைத்துக் குடிக்கவும் சொல்வார்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் செடியின் பெயர் கரிநொச்சி ஆகிவிடும், வைத்தியம் அதேதான். அந்தக் கஷாயம் உண்மையிலேயே வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எலியில் பார்க்க ஒரு எம்.ஃபார்ம் மாணவி விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கே தொடங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பார்த்துக்கொண்டே போனால் விலங்குச் சோதனை பற்றிய சட்டமும் அறமும் பெரும்பாலும் வந்துவிடும்.

எல்லையில் பஸ் மாறும், பலகையின் எழுத்து மாறும். எலிக்கான சட்டம் மாறாது. விலங்குவதைத் தடுப்பு அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 17-ஆவது இனம். நாடாளுமன்றம் இயற்றிய 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே பாறசாலையிலும் நாகர்கோவிலிலும் செல்லும். ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு 2017-இல் இதே சட்டத்தில் திருத்தம் செய்தது உண்மைதான். அது சோதனை பற்றிய நான்காம் அத்தியாயத்தைத் தொடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தச் சட்டத்தின் தொடக்கம் 1953-இல் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததால் அவர் அதைத் திரும்பப் பெற்றார். ஏழு ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது. பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் 14 முதல் 20 வரையிலான பிரிவுகள் சோதனைக்கானவை. விலங்குச் சோதனை குற்றம் அல்ல என்று 14-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் நோக்கம் இவற்றுக்குள் அடங்க வேண்டும்: உடலியங்கியல் அறிவு வளர வேண்டும், அல்லது மனிதர், விலங்கு, பயிர் எதற்காவது உயிர் காக்க, துன்பம் தணிக்க, நோயை எதிர்க்க அந்த அறிவு உதவ வேண்டும். 17-ஆவது பிரிவுதான் இதன் உயிர்நாடி. அறுவை செய்வதானால் இயன்றவரை மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே பிழைத்தால் கடும் வேதனைப்படும் அளவுக்குக் காயம் பட்டுவிட்டால், உணர்வு திரும்பும் முன்பே உயிரை முடித்துவிட வேண்டும். சிறு விலங்கு போதுமென்றால் பெரிய விலங்கைத் தொடக்கூடாது. வெறும் கைப்பழக்கத்துக்காகச் சோதனை கூடாது. புத்தகம், மாதிரி, திரைப்படம் இவற்றால் பாடம் புரியுமென்றால் வகுப்பறையில் விலங்கு வேண்டாம்.

கடைசியாகச் சொன்ன வரி 1960-லேயே எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். விலங்கியல் பட்டப்படிப்புகளில் தவளையையும் கரப்பானையும் அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொன்னது 2014-இல். இடையில் 54 ஆண்டு. நாஞ்சில் நாட்டு வயல் தவளைகளுக்கு அது நீண்ட காலம்.

இதை மேற்பார்வையிட ஒரு மத்தியக் குழு உண்டு. 1964-இல் முதலில் அமைக்கப்பட்டது. 1998-இல் விதிகள் வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது. நீண்ட காலம் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்பட்டது, இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. பழைய ஆய்வேடுகளில் முதல் பெயரும் புதியவற்றில் இரண்டாவது பெயரும் இருக்கும், இரண்டும் ஒன்றே. மீறினால் என்ன தண்டனை? 20-ஆவது பிரிவின்படி 200 ரூபாய் வரை அபராதம். 1960-இல் அது ஒரு தொகை. இன்று உண்மையான பயம் அபராதம் அல்ல. குழு சோதனையையே நிறுத்த உத்தரவிடலாம். அனுமதி எண் இல்லாத கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பும். தவறு நிறுவனத்தில் நடந்தால் அதன் பொறுப்பாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார்.

எலிக்கு முன்னால்

1959-இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் மூன்று கேள்விகளை வகுத்தார்கள். விலங்கே இல்லாமல் முடியுமா? முடியாதென்றால் எண்ணிக்கையைக் குறைக்கலாமா? அதற்குப் பிறகும் மிஞ்சும் வலியைக் குறைக்கலாமா? இந்தியாவில் நான்காவதாக மறுவாழ்வும் சேர்ந்தது: சோதனை முடிந்த விலங்கைப் பராமரிக்கும் செலவை ஆய்வுச் செலவிலேயே கணக்கிட வேண்டும். கேள்விகளின் வரிசையை மாற்றக்கூடாது. பலரும் மூன்றாவதில் தொடங்குகிறார்கள், ‘மயக்க மருந்து கொடுத்துவிடுவோம்’ என்று. அது கடைசிக் கேள்வி.

முதல் கேள்விக்கு நம் மாணவி என்ன பதில் சொல்வார்? வீக்கத்தைக் குறைக்கும் தன்மையைக் குழாயிலேயே ஓரளவு பார்க்கலாம். முட்டை வெள்ளைக்கருப் புரதம் சூட்டில் திரிவதைச் சாறு தடுக்கிறதா? மனித ரத்தச் சிவப்பணுக்களின் சவ்வு உடைவதைத் தடுக்கிறதா? ரா 264.7 என்ற செல் வரிசையில் நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தியைக் குறைக்கிறதா? இவற்றில் ஒன்றிலும் அசைவு இல்லையென்றால் எலி வரை போகத் தேவையே இல்லை. அசைவு இருந்தாலும் குழாய் சொல்லாத விஷயங்கள் உண்டு: குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரலைக் கடந்து எவ்வளவு மிஞ்சும், பாதத்தின் திசுவை எட்டுமா. எலி தேவைப்படுவது அந்த இடைவெளிக்குத்தான்.

இன்னொரு முட்டுக்கட்டை இங்கேதான் வரும். நொச்சி இலைச் சாற்றை எலியின் வீக்கத்தில் ஏற்கெனவே பலர் சோதித்து எழுதிவிட்டார்கள். அதையே மறுபடி செய்ய விலங்கு கேட்டால் ‘ஏன்?’ என்பதற்குப் பதில் இருக்காது. வைத்தியர் கொடுக்கும் அதே விகிதத்தில் நொச்சியும் சுக்கும் சேர்ந்த கஷாயத்தை யாரும் பார்க்கவில்லை என்று தேடிக் காட்டினால் அது பதில். அதேபோல், வைத்தியர் வதக்கிக் கட்டும் இலையைச் சோதிக்க நினைத்து அதை எலிக்கு வாய்வழி ஊற்றினால் கேள்வி ஒன்று, விடை வேறொன்று ஆகிவிடும். கேள்விக்குப் பொருந்தாத சோதனையில் ஒரு எலி செத்தாலும் அது வீண் சாவுதான். மோசமான வடிவமைப்பு என்பது அறிவியல் குறை மட்டுமல்ல, அறக்குறையும் அதுவே.

24 எப்படி வருகிறது

வீக்கத்துக்கு வழக்கமான சோதனை எலியின் பின்னங்கால் பாதத்தில் 1 சதவீத காராஜீனன் கரைசலை 0.1 மி.லி. ஊசி போடுவது. காராஜீனன் கடற்பாசியிலிருந்து எடுப்பது. பாதம் சில மணி நேரம் வீங்கும். ஊசிக்கு முன்பும், பிறகு ஒவ்வொரு மணிக்கும் பாதத்தின் கனஅளவை பிளெதிஸ்மோமீட்டரில் அளப்பார்கள். நான்கு குழுக்கள் தேவை: மருந்தைக் கலக்கும் வெறும் திரவம் மட்டும் பெறுவது, இண்டோமெதசின் போன்ற தெரிந்த மருந்து பெறுவது, கஷாயம் குறைந்த அளவு, கஷாயம் கூடிய அளவு. குழுவுக்கு 6 வீதம் 24.

ஏன் 6? ‘எல்லோரும் 6 போடுகிறார்கள்’ என்பது பதில் அல்ல. சோதனைக்கு அனுமதி தரும் நெறிக்குழுவின் முன் இந்தப் பதில் சொல்லித் திரும்பியவர்கள் ஏராளம். முன்பு வெளியான ஆய்வுகளிலிருந்து எதிர்பார்க்கும் வித்தியாசத்தையும் சிதறலையும் எடுத்துப் புள்ளியியல் முறையில் மாதிரி அளவு கணக்கிடுவது சரியான வழி. அந்தத் தரவு இல்லாதபோது ஒரு எளிய கணக்கு உண்டு: மொத்த விலங்குகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது 10-க்கும் 20-க்கும் இடையில் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் முடிவு நம்பத்தக்கதாக இராது, எல்லா எலியும் வீண். 20-க்கு மேலே போனால் கூடுதல் எலிகளால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. 24-இல் 4 போனால் 20, எல்லைக்குள் நிற்கிறது. மாணவி மூன்றாவது அளவு ஒன்றையும் சேர்க்க ஆசைப்பட்டால் 5 குழு, 30 எலி. 30-இல் 5 போனால் 25, அதிகம். குழுவுக்கு 5 ஆக்கினால் 25-இல் 5 போக 20. ஒரு குழு கூடியும் எலி ஒன்றுதான் கூடுகிறது.

இதோடு நச்சுத்தன்மைச் சோதனை எலிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அனுமதி கேட்கும் படிவத்தில் 24 என்று எழுதி, நச்சுச் சோதனைக்கு எலி கேட்க மறந்துபோவது அடிக்கடி நடக்கும் பிழை. முன்பு பாதி எலிகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்க ஏராளமான விலங்குகளைக் கொல்வார்கள். அந்தப் பழைய முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. 2002-இல் நீக்கிவிட்டது. இப்போது அதன் 423-ஆவது வழிகாட்டியின்படி ஒரு படிக்கு 3 பெண் எலிகள். தீங்கற்றது என்று எதிர்பார்க்கும் மூலிகைக்கு நேரடியாகக் கிலோவுக்கு 2000 மி.கி. கொடுத்து, எதுவும் சாகவில்லையென்றால் இன்னும் மூன்றில் உறுதிசெய்து, 14 நாள் கவனிப்பார்கள். 6 எலிகளில் வேலை முடியும். அப்படியானால் மொத்தம் 30.

இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒரு முரண் உண்டு. நச்சுச் சோதனையில் பிழைத்த 6 எலிகளையே வீக்கச் சோதனைக்கும் எடுத்தால் என்ன? எண்ணிக்கை குறையும், ஆனால் ஒரே உயிர் இரண்டு முறை துன்பப்படும், முந்தைய மருந்தின் மிச்சம் முடிவையும் கெடுக்கும். எண்ணிக்கையைக் குறைப்பதும் வலியைக் குறைப்பதும் மோதும்போது பொதுவாக வலிக்கே முன்னுரிமை. நம் பார்வையில் அதுவே நியாயம்: 30 என்பது நாம் எண்ணும் எண், வலியை எண்ணுவது அந்த ஒரு எலி.

வலி பற்றிய சிக்கல் வேறு. வலி நிவாரணி கொடுத்தால் பெரும்பாலும் வீக்கமும் குறையும், சோதனையே கெட்டுவிடும். ஆகவே ‘வலி நிவாரணி கொடுக்க மாட்டோம்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதினால் காரணமும், ஈடாக என்ன செய்வீர்கள் என்பதும் வேண்டும். வீக்கம் ஏறத்தாழ 3 முதல் 5 மணிக்குள் உச்சம் தொடும். 24 மணி நேரம் அளக்கும் பழக்கத்தை விட்டு 4-ஆம் மணியோடு நிறுத்துவது, மெத்தென்ற படுக்கை போடுவது, உணவையும் நீரையும் எட்டும்படி தாழ்த்தி வைப்பது, எலி நடக்கவே மறுத்தால் அந்த எலியைச் சோதனையிலிருந்து விலக்குவது. எந்த அறிகுறியில் நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கும்போது முடிவெடுக்கலாம் என்று விட்டால், தரவு வேண்டும் என்ற ஆசை கையைத் தடுத்துவிடும்.

குழுவின் முன்

ஒவ்வொரு பதிவுபெற்ற நிறுவனத்திலும் ஐ.ஏ.இ.சி. என்ற நெறிக்குழு இருக்கும். உயிரியல் அறிஞர் ஒருவர், வேறு உயிரியல் துறைகளிலிருந்து இருவர், கால்நடை மருத்துவர், விலங்கு இல்லத்தின் பொறுப்பாளர், வெளி நிறுவன அறிஞர் ஒருவர், அறிவியல் துறை சாராத சமூக ஆர்வலர் ஒருவர், மத்தியக் குழு நியமித்தவர் ஒருவர். மத்தியக் குழுவின் பிரதிநிதியோ அவருக்கு மாற்றாக நியமிக்கப்பட்டவரோ வராமல் கூட்டி முடித்த கூட்டம் பின்னால் தலைவலிதான். எலி, சுண்டெலி, முயல், கினிப்பன்றி போன்ற சிறு விலங்குகளுக்கு இந்தக் குழுவின் அனுமதி போதும். நாய், ஆடு, குரங்கு என்றால் குழு பரிந்துரைத்து டில்லிக்கு அனுப்ப வேண்டும்.

அனுமதி கேட்கும் விண்ணப்பம் படிவம் பி. நிறுவனப் பதிவுக்குப் படிவம் ஏ. வளர்த்த, வாங்கிய விலங்குகளுக்கும் செய்த சோதனைகளுக்கும் சி, டி என்று பதிவேடுகள். கல்லூரிக்குப் பதிவு இல்லையென்றால் பதிவுள்ள இன்னொரு நிறுவனத்தின் விலங்கு இல்லத்தில், அவர்களது குழுவின் அனுமதியோடு செய்யலாம். ‘முதலில் செய்துவிட்டு அனுமதி எண்ணைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்பதற்கு வழியே இல்லை. பின்தேதி அனுமதி என்று ஒன்று கிடையாது. பாதியில் மருந்தின் அளவை மாற்றினாலும் திருத்தம் கேட்டு மறுபடி போக வேண்டும்.

‘சந்தையில் தினமும் இத்தனை ஆடு வெட்டுகிறார்கள், 24 எலிக்கு இவ்வளவு பேப்பரா?’ என்று சலிப்பவர்கள் உண்டு. சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. உணவுக்காக வெட்டுவதை 11-ஆவது பிரிவு தேவையற்ற வதை இல்லாதவரை விலக்கி வைக்கிறது. சோதனையில் விலங்கு சாவது மட்டுமல்ல, உயிரோடு இருக்கும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதே கேள்வி. அதனால்தான் இத்தனை கட்டங்கள்.

விட முடியாத இடங்கள், விட்ட இடங்கள்

துன்பப்படும் எந்த உயிரையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டும், பலன் பெரிதாக இருந்தால் மட்டும் அதை ஈடாக வைக்கலாம் என்பது ஒரு நிலைப்பாடு. எந்தப் பலனுக்காகவும் ஒரு உயிரைக் கருவியாக்கக் கூடாது என்பது இன்னொன்று. நம் சட்டம் முதலாவதன் பக்கம் நிற்கிறது. இரண்டாவதைச் சேர்ந்தவர்களைக் கேலி செய்ய வேண்டாம். அவர்கள் விடாமல் கேட்டதால்தான் பல மாற்றுகள் பிறந்தன.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களைச் சருகுக்குள் கிடக்கும் சிறு பாம்பு ஒன்று கடிக்கும். மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மட்டும். இதற்கு வேலை செய்யாது. இதற்கென மருந்து வேண்டுமென்றால் இன்றைய முறையில் குதிரைக்குச் சிறுசிறு அளவில் விஷம் ஏற்றி ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள் எடுக்க வேண்டும். அதன் வீரியத்தைச் சுண்டெலிகளில் பார்க்க வேண்டும். இப்போதைய மருந்து 1 மி.லி. 0.6 மி.கி. நாக விஷத்தையும் 0.45 மி.கி. கட்டுவிரியன் விஷத்தையும் முறிக்க வேண்டும் என்ற அளவுகோலே சுண்டெலியை வைத்து உறுதிசெய்யப்படுவது. ஆய்வகங்களில் நடப்பவற்றில் மிகக் கொடிய சோதனைகளில் இதுவும் ஒன்று, ஏனெனில் சாவே அதன் அளவுகோல். அதற்குள்ளும் முன்கூட்டி வலி நிவாரணி கொடுக்கவும், சாகும் வரை காத்திராமல் நிறுத்தவும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. தோட்டத் தொழிலாளியின் காலையும் சுண்டெலியின் வேதனையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்காமல் இங்கே யாரும் தப்பிக்க முடியாது.

திருவனந்தபுரம் பூஜப்புரையில் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன்னால் பல மாதிரிகள் தோற்றன. செம்மறி ஆடுகளில் தேறிய நான்காவது மாதிரிதான் மனிதர் வரை வந்தது. ஆட்டின் இதயம் அளவில் நமக்கு ஒத்திருப்பதே காரணம்; எலியில் அந்த வால்வைப் பொருத்த இடமே இல்லை. ‘சிறு விலங்கு போதுமென்றால்’ என்ற 17-ஆவது பிரிவின் வாசகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

விட்ட இடங்களும் உண்டு. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்படப் பல இடங்களில் ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செய்த மருந்து அது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதமே வந்தது. 2004 இறுதியோடு அது நின்றது. செல் வளர்ப்பில் செய்த தடுப்பூசி வந்தது. ஆடும் பிழைத்தது, ஊசியும் குறைந்தது, ஆபத்தும் குறைந்தது. மாற்று வழி என்றால் தரம் குறைந்த சமரசம் என்று நினைப்பவர்களுக்குக் காட்ட வேண்டியது இதைத்தான். அழகுப் பொருள்களை விலங்கில் சோதிப்பதற்கு 2014 மே மாதத் தடையும், சோதித்ததை இறக்குமதி செய்ய அதே ஆண்டு நவம்பர் தடையும் உண்டு. புதிய மருந்துகளுக்கான விதிகளும் 2023-இல் திருத்தப்பட்டு, செல் மாதிரிகள், சில்லுகளில் அமைத்த உறுப்புகள், கணினி மாதிரிகள் ஆகியவற்றின் முடிவுகளுக்கு இடம் தந்தன.

எலி வந்த பிறகு

அனுமதி கிடைத்தாலும் எலியைக் கடையில் வாங்க முடியாது. பதிவுபெற்ற இனப்பெருக்க நிலையத்திலிருந்துதான் வர வேண்டும். திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் சிறுவிலங்கு நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து தெற்கே கொண்டுவரும்போது வெயில்தான் எதிரி. இரவுப் பயணம், காற்றோட்டமுள்ள பெட்டி. தண்ணீர்ப் புட்டி சிந்திப் படுக்கையை நனைக்கும் என்பதால் வெள்ளரித் துண்டுகள். வந்ததும் குறைந்தது ஒரு வாரம் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். பயணக் களைப்போடு இருக்கும் எலியில் அளந்தால் அளக்கப்படுவது களைப்பு.

அறையில் 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. இடவப்பாதி மழையில் இந்தக் கரையில் 70 சதவீதத்தைக் காப்பது கடினம். உமிப் படுக்கை ஈரமாகும், அமோனியா ஏறும், எலிக்கு மூச்சுநோய் வரும். ஆகவே மழைக்காலத்தில் படுக்கையை அடிக்கடி மாற்ற வேண்டும். உமியைக் கிருமிநீக்கம் செய்த பிறகே போட வேண்டும்.

மருந்து ஊற்றும்போது அளவு கிலோவுக்கு 10 மி.லி.; 200 கிராம் எலிக்கு 2 மி.லி. கிலோவுக்கு 400 மி.கி. கொடுப்பதானால் அந்த 2 மி.லி.யில் 80 மி.கி. இருக்க வேண்டும். கெட்டியான சாற்றை 0.5 சதவீத சி.எம்.சி. (கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ்) கரைசலில் கலக்கி, மருந்து பெறாத குழுவுக்கும் அதே சி.எம்.சி.யை ஊற்ற வேண்டும். முனை உருண்ட ஊசியை வாயிலிருந்து கடைசி விலா வரை வெளியே வைத்து அளந்துகொள்ளுங்கள். தடை தெரிந்தால் அழுத்தாதீர்கள். மூச்சுக்குழாயில் போனால் எலி இருமும், மூக்கில் நுரை வரும், சில நிமிடங்களில் சாகும்; அதைக் ‘கஷாயத்தின் நச்சு’ என்று எழுதிவிட்டால் ஆய்வேடே பொய்யாகும்.

முடிவில் உயிரை முடிக்க வேண்டுமென்றால் மயக்க மருந்தின் மிகையளவோ மெல்ல நிறையும் கரியமில வாயுவோ. ஈதர் வேண்டாம், எலியின் மூச்சுப்பாதையை எரிக்கும், தீயும் பிடிக்கும். இதயம் நின்றதை உறுதிசெய்த பிறகே அடுத்த வேலை. உடல்கள் மஞ்சள் பையில் போக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி அவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆகவே ஓணமோ பொங்கலோ வரும் வாரத்தில் சோதனையின் கடைசி நாளை வைக்காதீர்கள். கழிவு வண்டி வராது.